பெயர் எழுதிய பிஸ்கட்டுகள்

சர்க்கரை பிஸ்கட்டுக்கு வெண்ணெய் உருகியும் இருக்கக் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது, மேடம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். மற்றதெல்லாம் பொறுமை. அது என்னிடம் நிறையவே உண்டு என்பார்கள்.

அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? மூன்றரைக்குப் பள்ளி விட்டுவிடும். நான் எழுந்து எழுந்து உட்காருவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கை சும்மா இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

நான்கு வருடமாக, விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பு விருந்துக்கு நான்தான் பிஸ்கட் செய்கிறேன். இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தாறு நட்சத்திரங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஐசிங்கில் ஒரு பெயர். தன் பெயரைத் தேடி எடுப்பதில் பிள்ளைகளுக்கு அப்படியொரு குஷி.

அதில் ஒரு பெண்ணுக்குப் பாதாம், முந்திரி எதுவும் ஆகாது. துளி உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் விருந்து வாரத்தில் என் சமையலறைக்குள் அவை நுழையவே நுழையாது. அவளுடையதைத் தனி மாவில், தனித் தட்டில் முதலில் சுட்டு எடுத்துவிடுவேன். "நீங்க செஞ்சதுன்னா நான் கண்ணை மூடிட்டு குடுப்பேன்க்கா" என்பாள் அவள் அம்மா. இந்த வருடமும் பள்ளி வாசலில் சொன்னாள்.

அந்தப் பெண்தான் என் மகளின் உயிர்த்தோழி. பள்ளி விட்டால் என் மகளுக்கு அவர்கள் வீடு. வீட்டுப்பாடம் அங்கே, விளையாட்டு அங்கே. "நான் அங்கயே சாப்ட்டேன்மா" என்று வந்து நிற்பாள். நான் எடுத்து வைத்த தட்டு ஆறிக் கிடக்கும். என் மகளின் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனபின் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்து "ஆன்ட்டி" என்றாள். வயிறு பற்றி எரிந்தது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் இருவரும் வருடா வருடம் பிஸ்கட்டை மாற்றிக்கொள்வார்கள். "என் பேரை நீ சாப்பிடு, உன் பேரை நான் சாப்பிடுறேன்." அப்படிச் செய்தால் சிநேகிதம் முறியாது என்று அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். யாருக்கும் தெரியக் கூடாது. என் மகள் என் காதில் மட்டும் சொல்லியிருந்தாள்.

இந்த வருடமும் அந்தப் பெண்ணுடையதைத் தனியாகத்தான் செய்தேன். அவள் பெயர் போட்டதில் பாதி மிச்சமிருந்ததே, நீங்களே சோதித்தீர்கள், சுத்தம். இருபத்தைந்து பிஸ்கட் சுத்தம். என் மகளுடையதில் மட்டும் பாதாம் மாவு சேர்த்தேன்.

விருந்து கீழே கூடத்தில் நடந்தது. தொண்டை அடைத்தால் உடனே போட வேண்டிய ஊசி மருந்து மாடியில், அந்தப் பெண்ணின் பையில். டீச்சர் ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்போது ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. உங்கள் ஆட்கள் கடையில் வாங்கிய கேக்கைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவள் அம்மா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

அதன்பின் என் மகள் நேராக வீட்டுக்கு வந்தாள். நான் நினைத்தது போலவே. ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் குடுத்ததாலதான் அவ செத்தாளாம்மா?" மூன்று வாரமாக இதே கேள்வி. "இல்லடா கண்ணு" என்பேன். முந்தாநாள் கேள்வி மாறிவிட்டது.

"அம்மா, என்னோடதுல என்ன போட்ட?"

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து குழாய்த் தண்ணீரைத் தவிர என் வீட்டில் அவள் எதையும் தொடவில்லை. அதனால்தான் நானாக வந்தேன். அவள் மேல் தப்பில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாப்பிட்டுவிடுவாள்.

நான் அந்தப் பெண்ணின் பிஸ்கட்டில் எதையும் கலக்கவில்லை. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். என் மகளுக்குப் பாதாம் பிடிக்கும், அவளுடையதில் போட்டேன். பெற்றவள் செய்யக் கூடாததா அது?

கையெழுத்து எங்கே போட வேண்டும், மேடம்? மணி மூன்றாகிவிட்டது. அவள் பசியோடு வருவாள், நான் போய் ஏதாவது சூடாகச் செய்து வைக்க வேண்டும்.