ஆறரை மணிக்கு நடிகர் தேர்வு

மாலை ஆறேகால். ஒரு பக்கம் மூடிப்போன அட்டைப்பெட்டி ஆலையின் நீண்ட மதில். இன்னொரு பக்கம் துருப்பிடித்த தகர வேலி. நடுவே ரோடு. ஆள் இல்லை, வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை... அந்த ரோட்டில் ஒரு பெண் தனியாக நடந்துபோகிறாள்.

என் சிநேகிதனின் சித்தி அவள். அவன் அம்மாவின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் பூராவும் மூடிய அறை, நாள் பூராவும் ஒரே பேச்சு: "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க." இருபது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஒரே ஒருதரம் வேறு வசனம் பேசிப் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்துத் தூணில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாடகத்துக்கு ஆள் தேவை, அனுபவம் வேண்டாம், ஆறரை மணிக்கு நேரில் வரவும். கீழே அந்த ஆலையின் பழைய தொழிலாளர் மன்றத்து முகவரி. வீட்டில் சொன்னால் கிண்டலடித்தே ஒருவழி பண்ணிவிடுவார்கள். அதனால் அக்காவிடம், "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன்" என்று ஒரு பொய். அதாவது... அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மன்றத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே நனைந்து காய்ந்த திரைச்சீலையின் புழுக்க நாற்றம். மேடைமேல் ஒரே ஒரு விளக்கு. அதில் தூசி கருகும் வாசனை. கூடத்தில் இருட்டு.

"வாங்க. பையை அங்கேயே வெச்சிட்டு மேலே ஏறுங்க." இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல். பரவாயில்லை, மரியாதையான குரல்தான்.

சித்தி கைப்பையையும் போனையும் முதல் வரிசை நாற்காலியில் வைத்தாள். ஐந்து மரப்படி. ஏறினாள். வெளிச்சம் கண்ணில் அடித்தது. எதிரே யாரும் தெரியவில்லை. மேடை நடுவில் ஒரு காகிதம் கிடந்தது. எடுத்தாள். வியர்வை பட்டுப் பட்டு நைந்துபோன காகிதம். அதில் நாலே வரி. படித்தாள்.

"கதவைத் திறங்க. நான்தான் வந்திருக்கேன். என் குரல் தெரியலையா? எவ்வளவு நேரமா நிக்கிறேன்..."

இருட்டிலிருந்து அதே குரல், "மறுபடியும்."

படித்தாள். "மறுபடியும்." கொஞ்சம் உருக்கமாகப் படித்தாள். "மறுபடியும்." நாடகக்காரர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பத்து தடவை... இருபது தடவை... தொண்டை வறண்டது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?"

"மறுபடியும்."

"இல்லைங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் இன்னொரு நாள் வரேன்."

காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுப் படி இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து... காலுக்குத் தரை தட்டவில்லை. ஆறாவது படி. ஏழாவது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவதில் கால் வைத்தாள். பலகை. தலையை நிமிர்த்தினாள். அதே விளக்கு. அதே மேடை. இறங்கியவள் எதிர்ப்பக்கத்திலிருந்து மேடைக்கே வந்து நின்றிருந்தாள்.

"மறுபடியும்."

அப்போது போன் அதிர்ந்தது. ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... நாற்காலி மரத்தில் உராய்கிற சத்தம். நாலடி தூரத்தில் திரை ஒளிர்ந்தது. 'அக்கா' என்று எழுத்து தெரிந்தது. மேடை விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். எட்டவில்லை. தோள் வலிக்க நீட்டினாள்... எட்டவில்லை. அந்தச் சின்ன வெளிச்சத்தில்தான் பார்த்தாள். நாற்காலிகளில் முழங்கால்கள். முதல் வரிசையில், அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால்... வரிசை வரிசையாக முழங்கால்கள். கூடம் நிரம்பியிருந்தது. ஒரு இருமல் இல்லை. ஒரு நாற்காலி முனகவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? அத்தனை பேரும் அப்படித்தான் இருந்தார்கள். இழுத்த மூச்சை யாரும் விடவில்லை.

போன் நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. கடைசியில் அடிப்பதே நின்றுபோனது.

எழுந்து நின்று படித்தாள். அந்த முழங்கால்களுக்கு நடுவே குதிக்கவா முடியும், வேறு என்ன செய்வாள்? அழுதுகொண்டே படித்தாள். உட்கார்ந்து படித்தாள். குரல் கம்மி, கீறலாகி, வெறும் காற்றாகும்வரை படித்தாள்.

அப்புறம்... கூடத்துக் கதவு திறந்தது. வெளிச்சம். ஒரு பெண், முப்பது வயது இருக்கும், தோளில் ஆபீஸ் பை, கையில் சாப்பாட்டு டப்பா.

"நடிகர் தேர்வு இங்கதானேங்க? ஆறரைன்னு போட்டிருந்துச்சு. காலையிலயா சாயங்காலமான்னு குழம்பிட்டேன்."

"அடுத்தவங்க வரலாம்" என்றது குரல்.

அவள் சிரித்த முகத்தோடு படியேறி வந்தாள். சித்தி மெல்லக் காலை நீட்டிப் பார்த்தாள். ஒன்று... இரண்டு... ஐந்து. தரை. திடமான சிமெண்டுத் தரை. எதிரும் புதிருமாக இருவரும் உரசிக்கொண்டு கடந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லச் சித்தியிடம் குரல் மிச்சம் இருந்தது. 'ஏறாதே' என்று சொன்னால் போதும்.

சொல்லவில்லை.

பையை வாரிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் படித்தாள். "மறுபடியும்." படித்தாள். "மறுபடியும்." கதவில் கை வைத்தபோது அவள் கூப்பிட்டாள்.

"அக்கா... யாரையாவது அனுப்பி வைக்கிறீங்களா?"

"சரிம்மா" என்றாள் சித்தி. திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே விடிந்திருந்தது.

மதியம், சிநேகிதனையும் ஆலைக் காவலாளியையும் கூட்டிக்கொண்டு போனாள். கதவில் பெரிய பூட்டு. திறந்து பார்த்தார்கள். நாற்காலி ஒன்றுகூட இல்லை. மேடை இருந்த இடத்தில் சிமெண்டு மூட்டைகள். "நாற்காலியெல்லாம் வித்து எத்தனையோ வருஷமாச்சேம்மா" என்றார் காவலாளி. பேப்பரில், போலீஸில், எங்கேயும் எந்தப் பெண்ணையும் காணோம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் யார், எந்த வீட்டுப் பெண்... இன்றுவரை தெரியாது.

சித்திக்குத் தூக்கம் போனது. "நான் சரின்னு சொல்லிட்டு வந்தேன்டா. அவ நின்னுக்கிட்டே இருப்பாடா" என்று சிநேகிதனிடம் ஒரே புலம்பல். இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது நேற்றுத்தான்.

ஆனால் நான் அவன் வீட்டுக்குப் போனது போன ஞாயிற்றுக்கிழமை. சித்திதான் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "உங்க கூட்டத்துல நாடகத்துல நடிக்க ஆசை இருக்கிற பொண்ணு யாராவது இருக்காங்களாப்பா?"

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நம் கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் நடித்துக் காட்டுகிறவள் யார்? சிரித்துக்கொண்டே அவள் நம்பரைக் கொடுத்தேன்.

இன்றைக்கு அவள் மட்டும் வரவில்லை, கவனித்தீர்களா? சாயங்காலத்திலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன்... மணி போகிறது. எடுக்கத்தான் மாட்டேன் என்கிறாள்.