நெறி கட்டிய வம்சம்

– இடது பக்கம் திரும்புங்க ஐயா. கழுத்தைக் கொஞ்சம் சாய்க்கணும்.

– எங்க வம்சத்துல யாரும் கழுத்தைச் சாய்ச்சதில்ல, டாக்டரம்மா. தெரிஞ்சுக்குங்க.

– சாய்க்காம ஸ்கேன் எடுக்க முடியாது.

– இடது பக்கம் திரும்பினா என் மூஞ்சி தெரியும், டாக்டர். அதான் அண்ணன் யோசிக்கிறார்.

– இவன் எதுக்கு உள்ள வந்தான்?

– துணைக்கு யாராவது இருக்கணும்னு நான்தான் உங்க தம்பியைக் கூப்பிட்டேன். ஜெல் ஜில்லுனு இருக்கும், பொறுத்துக்குங்க. பேசினா படம் ஆடும்.

– நாக்குலயே வியாதி வந்தும் பேச்சு குறையல, டாக்டர். நீங்க சொல்லியா குறையப் போகுது? நான் ஒண்ணும் சொல்லல.

– கூர்ப்பல் உரசி வந்த வியாதி இது. எங்க வீட்டுல புகையிலை வாடைகூட அடிச்சதில்ல. நாலு தலைமுறையா நெறி தவறாத வம்சம்.

– சந்தோஷம் ஐயா. எனக்கு நெறி கட்டியிருக்கானு பாத்தாப் போதும். நாக்குல வந்த புற்று கழுத்துக்கு இறங்கினா நெறியிலதான் முதல்ல உக்காரும்.

– நெறி தவறினாலும் ஆபத்து, கட்டினாலும் ஆபத்தா? அண்ணே, உங்க பொழப்பு கஷ்டம்தான்.

– வாயை மூடுடா.

– தாடைக்குக் கீழ சுத்தமா இருக்கு. பக்கவாட்டுலயும் ஒண்ணும் இல்ல. இதோ, பின்கழுத்துல இருக்கு. பெரிய ஸ்கேன்ல சந்தேகப்பட்டாங்களே, இதுதான்.

– பரவிடுச்சா டாக்டர்?

– அதுதான் புரியல. பரவின நெறி உருண்டு திரண்டு நிக்கும். நடுவுல ஓடற வெள்ளைக்கோடு அழிஞ்சு போயிருக்கும். இது அவரைக்கொட்டை மாதிரி நீட்டமா இருக்கு, கோடும் இருக்கு. ஆனா அளவு ரொம்பப் பெருசு. நாக்குலேர்ந்து கிளம்பினது, வாசல்ல இருக்கிற ஒரு வீட்டுலயும் எட்டிப் பாக்காம நேரா பின்தெருவுக்கு எதுக்குப் போகணும்?

– முந்தாநாள் இதுல ஊசி குத்தி எடுத்தாங்களே, டாக்டர்?

– செல் பத்தலைன்னு லேப்ல திருப்பிட்டாங்க. இன்னிக்கு நான் மறுபடி எடுக்கறேன். முடிவு வர மூணு நாள் ஆகும். ஆனா சர்ஜன்கள் நாளைக்குக் காலையிலயே உக்காந்து, கழுத்தை எதுவரைக்கும் திறக்கணும்னு முடிவு பண்ணிடுவாங்க. பின்கழுத்து வரைக்கும் போனா, தோளைத் தூக்கற நரம்பு அங்கதான் ஓடுது. அதுக்கு அடிபட்டா வலது தோள் சரிஞ்சிடும்.

– எவ்வளவு சரியும்?

– சட்டை ஒரு பக்கம் தொங்கும் ஐயா.

– அது நடக்கக் கூடாது. இந்தத் தோள் எங்கப்பாவோட தோள். தெருவுல நடந்தா முதுகைப் பாத்தே இன்னார் மகன்னு சொல்லுவாங்க.

– அப்ப மறைக்காம சொல்லுங்க. தலையில புண்ணு, கொப்புளம், அரிப்பு ஏதாவது உண்டா? தலைத்தோல்ல எரிச்சல் வந்தாலும் இந்த இடத்து நெறி வீங்கும்.

– ஒண்ணும் கிடையாது.

– காதுக்குப் பின்னால செவந்து தடிச்சிருக்கே.

– மூக்குக்கண்ணாடி உறுத்துது.

– தலைக்குச் சாயம் பூசறீங்களா?

– டாக்டரம்மா, எனக்கு எழுபத்திமூணு வயசு. எங்க வம்சத்துல எண்பது வரைக்கும் நரை கிடையாது. இவனைப் பாத்துக் கேக்கறீங்க போல. இவன் அம்மா வழி. முப்பத்தஞ்சுலயே பஞ்சு மூட்டை.

– ஆமா டாக்டர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னைத்தான் மூத்தவர்னு நினைச்சு எழுந்து நாற்காலி கொடுப்பாங்க. அண்ணன் ஓடி வந்து திருத்துவார். முப்பது வருஷமாத் திருத்திக்கிட்டு இருக்கார். நான் ஒண்ணும் சொன்னதில்ல.

– சரி, ஜெல்லைத் துடைச்சு விடறேன். ஐயா, துடைக்கிற காகிதம் கறுப்பா வருது.

– அழுக்கு.

– இவ்வளவு கறுப்பாவா?

– நாலு நாளா குளிக்கல.

– அண்ணே, குளிக்காத வம்சம்னு நீங்க ஒருநாளும் சொன்னதே இல்லையே.

– தம்பியை வேணும்னா வெளிய அனுப்பிடறேன் ஐயா. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது.

– அவன் இருந்தாலும் இல்லாட்டியும் பதில் ஒண்ணுதான். அழுக்குன்னு எழுதிக்குங்க.

– ரிப்போர்ட்டுல அழுக்குன்னு எழுத முடியாது. காரணம் தெரியாத பெரிய நெறின்னுதான் எழுதணும். அப்படி எழுதினா அவங்க துணிஞ்சு திறந்துடுவாங்க. சாயம் ஒத்துக்காம வீங்கினதுன்னு தெரிஞ்சா, ஊசி முடிவு வர்ற வரைக்கும் பொறுங்கன்னு நானே போய் சர்ஜன்கிட்ட மல்லுக்கட்டுவேன். வெறுங்கையோட போனா என் பேச்சு எடுபடாது.

– எடுபட வேண்டாம்.

– தோள் போயிடும் ஐயா.

– போகட்டும். தோள் சரிஞ்சா வியாதின்னு சொல்லிக்கலாம். அதுல அவமானம் இல்ல. எழுதுங்க.

– அண்ணே, கொஞ்சம் யோசிங்க.

– உன்னை யாரும் கேக்கல. டாக்டரம்மா, காரணம் தெரியாதுன்னு எழுதுங்க.

– எழுதாதீங்க டாக்டர். அண்ணன் கடையில நின்னு சாய டப்பா கேட்டா வம்சத்துக்கே அசிங்கம்னு, இருபது வருஷமா இவருக்குத் தெரியாம, இவர் முடிவெட்டிக்கிற சலூன்ல டப்பா வாங்கி வைக்கிறது நான்தான். போன வாரம் பழைய டப்பா கிடைக்காம, வேற கம்பெனி டப்பா வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.