கண் மூடாத மயக்கம்

"2002, புரட்டாசி, வியாழக்கிழமை. நேற்றிரவு எங்கள் தெருவில் மழை இல்லை" என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அன்று காலை ஆரப்பாளையத்தில் நகரப் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் ஓர் இளைஞன் பக்கத்திலிருந்த பெரியவரிடம் திடீரென்று கேட்டான்.

"அண்ணே, மயக்க ஊசி போட்டா நாய் கண்ண மூடாதாமே?"

"யார்றா சொன்னா?"

"மச்சான்தான். வில்லாபுரத்துல அக்கா வீட்டு நாய்க்கு வயித்துல கட்டி. நேத்து டாக்டர் ரெண்டு மருந்தச் சேத்துப் போட்டு, அறுத்து எடுத்துருக்காரு. மச்சான் அத வீட்டுல கெடத்திட்டு, என்னையப் பாத்துக்கச் சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாரு. பாத்தா கண்ணு தெறந்தே இருக்கு, இமைக்கவே இல்ல. ஒடம்பு சில்லுனு ஆகிருச்சு. பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தா அழுகுமேன்னு..."

"என்னடா செஞ்ச?"

"பின்னாடி காலி எடத்துல பொதைச்சுட்டேன்ணே. ராத்திரி போன்ல சொல்றேன், 'கண்ணு தெறந்துதாண்டா இருக்கும், சாயங்காலம் எந்திரிக்கும்னு டாக்டர் சொன்னாரே'ங்குறாரு."

"மூச்சு இருக்கான்னு பாத்தியா, கூறுகெட்டவனே?"

"கண்ணத்தாண்ணே பாத்தேன்."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொதைச்சவனே வந்து தோண்டுன்னு நிக்கிறாரு மச்சான். மேல ஒரு கல்லு வச்சிருந்தேன். காலையில அது சாஞ்சு கெடக்காம்."

"ராத்திரி மழை பேஞ்சதுல மண்ணு எறங்கியிருக்கும்."

"அங்க மழை பேஞ்சுச்சாண்ணே?"

"பேஞ்சுச்சுடா, பேஞ்சுச்சு."

வில்லாபுரத்தில் இருவரும் இறங்கினார்கள். அதற்கு முந்தைய இரவு அங்கே மழை பெய்ததா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.