வெளிச்சக் கல் வாடகைக்கு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆடுகிற பொருளைக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, வேலை அப்படி. நான் நடந்துகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் பேச்சு வராது.

குளிர்க் கிடங்கில் கதவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மீன், இறைச்சி, பச்சைப் பட்டாணி, எல்லாம் அங்கே கல்லாக உறைந்து கிடக்கும். கீலுக்கு எண்ணெய் போடுவேன், ரப்பர் விளிம்பு பிய்ந்தால் மாற்றுவேன். தங்குவதற்கு நாலு பேருக்கு ஓர் அறை. கட்டில் மேலே இரண்டு, கீழே இரண்டு.

விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சீட்டு இல்லை. பணம் வைத்து ஆடுவதும் இல்லை. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். "முன்னால் ஒரு குகை, உள்ளே உறுமல் கேட்கிறது" என்று நான் சொல்வேன். பிறகு, என்ன செய்கிறாய் என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். அவர்கள் சொல்வது பலிக்குமா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்போம். எனக்கு முன்பு அந்தக் கட்டிலில் இருந்தவர் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் பகடைகளும் பாதி கிழிந்த விதிப் புத்தகமும் இருந்தன. கிழிந்துபோன பாதியை நானே மனதில் இட்டு நிரப்பினேன். அப்படி வந்தவைதான் மூன்று நாடுகளும் ஒரு தீவும். அங்கே பாலத்தில் சுங்கம் வாங்கும் ஒற்றைக்கண்ணனை எனக்குத் தெரியும். ரொட்டி சுடுகிறவளையும் அவளுடைய திக்குவாய் மகனையும் தெரியும். என் சொந்த அக்கா மகள் முகம் மறந்துபோய்விட்டது. இவர்கள் முகம் மறக்கவில்லை.

வார விடுமுறை அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும், காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். கேன்டீனில் சமைக்கிற மாஸ்டருக்கு மந்திரவாதி வேஷம். சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவரை ஹாரன் என்று கூப்பிடுவோம், ஆளே இல்லாத இடத்திலும் அடித்துக்கொண்டே போவார். அவருக்கு வீரன் வேஷம். நாலாவது ஆள், சரக்கு ஏற்றி இறக்குகிற பையன். பையன் என்றாலும் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவன் எடுத்த வேஷம் வியாபாரி. நாளடைவில் கிடங்கு முழுக்க அதுவே அவன் பேராகிவிட்டது.

அவன் முதல் நாள் செய்ததைச் சொல்கிறேன், ஆள் எப்படி என்று தெரியும். குகைக்குள் நெருப்பு கக்கும் ஒரு பெரிய பல்லி. ஹாரன் வாளை உருவிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

"நீ என்ன செய்யுறே?" என்று இவனைக் கேட்டேன்.

"அண்ணே, எதிர்ல ஒரு மேடு இருக்குன்னீங்களே, அங்கிருந்து பாத்தா சண்டை தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஊருக்குள்ள ஓடுறேன். ஆளுக்கு ஒரு காசு வாங்கிட்டு மேட்டுல உக்கார வைக்கிறேன். முன்வரிசைக்கு ரெண்டு காசு."

"டேய், நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்டா," என்றார் ஹாரன்.

"கொஞ்சம் மெதுவா சாவுங்கண்ணே. பின்வரிசை இன்னும் நெறையல."

மாஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்புதான். கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்தபிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்து, குகையில் செத்த வீரர்களின் கவசங்களைக் கழற்றி, நெளிசல் எடுத்து, அதே குகைக்குப் புறப்படும் புது வீரர்களுக்கு விற்றான். அவர்களும் செத்ததும் திரும்ப எடுத்துக்கொண்டான். விளையாட்டில் கல்லில் நார் உரிப்பான். நேரிலோ, கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டு நிற்பான். அவனிடம் வாங்கிய செருப்பை எவனும் திருப்பிக் கொடுத்ததில்லை. கூடுதல் நேரம் பார்த்த கூலியை மேஸ்திரி விழுங்கினாலும், பாவம் அவருக்கு என்ன கஷ்டமோ என்பான்.

கதை நடத்துகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு, சார். ஆடுகிறவன் என்ன யோசனை சொன்னாலும் முடியாது என்று சொல்லக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டு, குறுக்கே எதையாவது கொண்டுவர வேண்டும். அப்போதுதான் ஆட்டம் உயிரோடு இருக்கும்.

மாஸ்டரின் மந்திரவாதிக்கு ஒரு சின்ன மந்திரம் தெரியும். கல்லைத் தொட்டால் அது விடியும்வரை ஒளிரும். இவன் கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து தொட வைத்தான். சந்தைக் கடைக்காரர்களுக்குச் சாயங்காலம் கொடுத்துக் காலையில் திரும்ப வாங்கினான்.

"வித்தா ஒரு தடவைதான் காசுண்ணே. வாடகைன்னா தினம் பொழுது சாயும், தினம் காசு."

திருடர்களை அனுப்பினேன். திருடட்டும், விடிஞ்சா வெறும் கல்லுதானே என்றான். அடைமழையை இறக்கிச் சந்தையை மூடினேன். மருத்துவச்சிகள் வீட்டுக்குக் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பக்கத்திலேயே ஒருவன் பாதி வாடகைக்குக் கல் கொடுக்க வந்தான். இவன் கல்லைக் கடைவாசலுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆள் போட்டான். ராஜா வரி போட்டார். வரி வசூலிக்கிறவன் மனைவிக்குத் தையல் வேலை இருக்கிறதா என்று கேட்டான், இருக்கிறது என்றேன், அவளுக்கு முதல் கல் இலவசம். நான் கதவுக்குக் கதவு நடந்துகொண்டே அடுத்து அவனை எங்கே மடக்கலாம் என்று யோசிப்பேன். திருகாணியைத் தப்பாக முடுக்கிவிட்டுத் திரும்பப் போவேன். சோறு இறங்காது. வாரம் பூராவும் அந்த ஒரு மதியத்துக்காகக் கால் தரையில் பாவாமல் அலைந்தேன். சந்தோஷம்தான் அது. வேறு பேர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விடுமுறை மதியம் அவன் உட்காரவில்லை.

"அண்ணே, நான் ஊருக்குப் போறேன்."

"லீவா?"

"ஒரேடியா. நம்ம கல்லு வியாபாரத்த நெசமாவே பண்ணப் போறேன். எங்க ஊர்ச் சந்தையில சாயங்காலம் தள்ளுவண்டிங்க நெறைய நிக்கும், கரண்டு கிடையாது. பேட்டரி விளக்கு வாங்கி வாடகைக்கு விடப் போறேன். மச்சான் பழைய வண்டி ஒண்ணு தர்றேங்கிறான்."

"டேய், என் மந்திரத்துக்குப் பங்கு எங்கடா?" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு ஆயுசுக்கும் ஒரு விளக்கு ஃப்ரீ மாஸ்டர்." பிறகு என் பக்கம் திரும்பினான். "எல்லாம் உங்களாலதாண்ணே. திருடன், மழை, வரி, எதிர்க்கடைன்னு நீங்க கேக்காத கேள்வியா? அத்தனைக்கும் பதில் வச்சிருக்கேன். இனிமே எவன் வந்து என்ன கேட்டுடப் போறான்? பாப்பா என்னைய போனுன்னுதான் நெனச்சிட்டு இருக்கு. அப்பா எங்கேன்னா போனைத் தொட்டுக் காட்டுது. போதும்ணே."

நல்லது, போயிட்டு வா என்றேன். அதற்கு மாஸ்டரும் ஹாரனும் சாட்சி.

நீங்கள் கொஞ்சம் என் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வியாபாரி இல்லாவிட்டால் ஹாரன் தூங்கப் போய்விடுவார், மாஸ்டர் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார். ஆடுகிறவர்கள் எழுந்து போனால் அந்த நாடுகள் எங்கே இருக்கும்? ஒரு ஆள், ஒரு ஆள் என்கிறீர்கள். ஒற்றைக்கண்ணன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மட்டுமே ஓர் ஊர் இருந்தது, சார். குழந்தைகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. போதாததற்கு என் சந்தையில் முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு சந்தையில் நடப் போகிறான்.

முதலில் நல்லபடியாகத்தான் நிறுத்திப் பார்த்தேன். ஆட்டத்தில் ராஜா அவனைக் கூப்பிட்டுக் கஜானாவைக் கையில் கொடுத்தார். "ராஜா சம்பளத்தை ஊருக்கு அனுப்ப முடியுமாண்ணே?" என்று சிரித்தான். பிறகு மேலாளரிடம் போய், இவனைப்போல ஆள் கிடைக்காது, சம்பளம் கூட்டிக் கொடுங்கள் என்று நானே பேசினேன். அவரும் கூட்டிக் கொடுக்கச் சம்மதித்தார். வேண்டாம் என்றுவிட்டான். அதுவரை யாருக்கும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

கிளம்புகிற நாள் கம்பளியை ஹாரனுக்குக் கொடுத்தான். குளிர் ஜாக்கெட்டைக் கிடங்கில் ஒப்படைத்தான். ஒப்படைத்துவிட்டான் என்று எனக்குத் தெரியும், அதை நான் மறைக்கவில்லை. மகள் பார்க்க வேண்டும் என்று வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டுப் போகக் கதவுப் பக்கம் வந்தான். காலரில் விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் கிழித்துவிட்டேன்.

"கையெல்லாம் கிரீஸ். உள்ள கடைசி வரிசையில என் ஸ்பேனர் கெடக்கு, எடுத்துட்டு வந்துடுறியா?"

"இதுக்கென்னண்ணே," என்று உள்ளே போனான்.

உள்ளேயிருந்து திறக்கிற தண்டை அன்று காலையிலேயே கழற்றியிருந்தேன். துரு எடுக்க என்று மேலாளரிடம் சொன்னேன். துரு ஒன்றும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, என்ன செய்யுறே என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. எப்போதும் கேட்கிற மாதிரிதான். அவனை நான் எத்தனையோ பாழுங்கிணற்றிலும் சிறையிலும் அடைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எதையாவது பேசி, பேரத்தைப் படியவைத்து, காவல்காரனையே பங்காளி ஆக்கிக்கொண்டு வெளியே வந்தவன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இப்போதும் ஒரு வார்த்தைதான். "போகலண்ணே" என்றால் திறந்துவிடுவேன். கை கைப்பிடியில்தான் இருந்தது.

முதலில் விளையாட்டாகத் தாளம் போட்டுத் தட்டினான். பிறகு வேகமாகத் தட்டினான். ஆடுகிறவனை அவசரப்படுத்தக் கூடாது, யோசிக்க விட வேண்டும். நான் நடைபாதையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். நடுவில் ஹாரன் வண்டியை நிறுத்தி, "எங்க நம்ம வியாபாரி? ஏர்போர்ட் வண்டி வந்து நிக்குது" என்று கேட்டார். வேற வண்டியில அப்பவே கிளம்பிட்டானே என்றேன். எங்கிட்ட சொல்லாமலா என்று முகம் சுருங்கிப் போய்விட்டது அவருக்கு. ஹாரன் அடிக்காமலே ஓட்டிக்கொண்டு போனார். நான் திரும்பி வந்தபோது தட்டுவது மெதுவாகியிருந்தது. யோசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நடந்தேன்.

ஏன் திறக்கவில்லை என்று நீங்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவன் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன், சார். அந்தக் கதவு ஒவ்வொன்றும் ஒரு சாண் தடிமன். தட்டினால் கைப்பிடியில் அதிர்வு தெரியும், பேச்சு வராது. உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே ஒன்றும் கேட்காது என்பது அங்கே யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் உள்ளே ஒரு மணி வைத்திருப்பார்கள். அதன் ஒயரையும் நான் காலையிலேயே நறுக்கியிருந்தேன்.

சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். முதல் தட்டிலேயே சொல்லியிருப்பான்.