எலியேசரின் எடை

காப்பியில் நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, ஐயா. ஆனாலும் நீங்கள் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டேன். நன்றி.

கோலோன் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், குத்துச்சண்டைப் பையன்களை நான் பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்தேன் என்று. எலியேசர் அவர்களில் கடைசி. பட்டத்துக்கான சண்டை அவனுக்குக் கிடைத்ததும், பழைய பயிற்சி போதாது என்று எனக்குத் தோன்றியது. இரும்பு தூக்க வைத்தேன். கடற்கரை மணலில் லாரி டயரை இழுத்துக்கொண்டு ஓடவைத்தேன். முகம் சுளிக்காமல் செய்தான். வாரக் கடைசியில் தராசில் ஏற்றினால், சண்டைக்குரிய எடைக்கு இளைத்திருக்க வேண்டியவன் இரண்டு கிலோ கூடியிருந்தான்.

"என்னடா தின்ன?"

"சத்தியமா ஒண்ணுமில்ல மாஸ்டர். நீங்க குடுத்த மீனும் கீரையும்தான்."

பொய் சொல்கிறவனைத் திருத்தாமல் விடுவது பாசம் ஆகாது. ஸ்கிப்பிங் கயிற்றை மடித்து முதுகில் அடித்தேன், தோல் உரியும்வரை. நினைத்திருந்தால் ஒரே குத்தில் என்னைச் சாய்த்திருப்பான். கையைத் தூக்கவேயில்லை. குற்றமுள்ளவன்தானே அப்படி நிற்பான்?

அடுத்த முறை இன்னும் ஒரு கிலோ ஏறியிருந்தது. அவன் மனைவி நிடியா பேருந்து நிலையத்தில் வாழைக்காய் வறுத்து விற்பவள். அவளைத் தவிர வேறு யார் கொடுத்திருக்க முடியும்? அவனை வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். வியர்ப்பதற்கான ரப்பர் உடையை மாட்டிவிட்டு, பயிற்சிக் கூடத்தின் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் போட்டுத் தாழிட்டேன். மத்தியான வெயில் அங்கே நன்றாக இறங்கும். முதலில் கதவைத் தட்டினான். அப்புறம் கெஞ்சினான். அப்புறம் சத்தமில்லை.

நிடியா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"கதவைத் தொறங்க மாஸ்டர். டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். புதுசா கடுமையா உடம்ப வருத்தினா சதை வீங்கித் தண்ணி கோத்துக்குமாம். அந்த எடைதான் இது. கொஞ்ச நாள்ல தானா எறங்கிடுமாம்."

"உங்க டாக்டரம்மா எத்தன பேர சாம்பியன் ஆக்கியிருக்காங்களாம்?"

"நீங்க எத்தன பேர ஆக்கியிருக்கீங்க?"

அவள் சிரிக்கவில்லை, ஐயா. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

இடது கையால்தான் தொடங்கினேன். அவள் தாடை விலகியது. விழுந்தவள் எழுந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் டம்பெல் கிடந்தது. முதலில் விரல்கள்மீது அடித்தேன், விடுவதற்கு அவகாசம் கொடுக்கத்தான். விடவில்லை. பிறகு தலையில் அடித்தேன். அசைவு நின்ற பின்னும் கொஞ்ச நேரம் அடித்தேன். அரைகுறையாக எதையும் விட்டுப் பழக்கமில்லை.

உள்ளே இருந்தவனுக்குத் திடீரென்று குரல் வந்துவிட்டது. கதவை இடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். இத்தனை வருஷம் வளர்த்தவன் நான். என்னை ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை. எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவளைப் புதைத்த நாளிலிருந்து எலியேசர் எதையும் வாயில் வைப்பதில்லை என்றும், சட்டை தொளதொளவென்று தொங்குகிறது என்றும் உங்கள் காவலர் சொன்னார். அவள் போனதும் எடை இறங்கிவிட்டது, பார்த்தீர்களா? அவள்தான் தின்னக் கொடுத்தாள் என்று நான் அப்போதே சொன்னேன்.