ஈஸ்டுக்குக் காவல் இருந்தவன்

எனக்குப் பீர் பிடிக்காது. கசக்கும், பிறகு ஏப்பம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்கிற ஆசையில் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

விக்டோரியா அம்மா, நீங்கள் கேட்டதால் மந்திரமாகிய நான் எழுதுகிறேன். "வாயால சொன்னா ரெண்டு பேரும் நம்ப மாட்டாவ. ஒனக்குத்தான் இப்ப எழுதத் தெரியும்லா, எழுதிக் குடு" என்றீர்கள். வீட்டில் பீர் காய்ச்சுவதே குற்றம் என்பதால் இந்தக் குற்றத்தைப் போலீசிடம் கொண்டுபோக முடியாது. ஆகவே எனக்கு நீங்கள்தான் இன்ஸ்பெக்டர். உங்கள் வீட்டுக்காரர் ரோச் ஐயாவும், அருமைநாயகம் சாரும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வாக்குமூலம் என்றால் தொடக்கத்திலிருந்து இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி என் முதுகு போய்விட்டது. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ரோச் ஐயா என்னைப் பீச் ரோட்டு வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். மாடி அறையில் அவரும், நாசரேத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்த சாரும் பீர் காய்ச்சினார்கள். ஐயா குடிப்பார். சார் ருசி மட்டும் பார்ப்பார். முழு டம்ளர் ருசி பார்ப்பார்.

முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டைக் காய்ச்சிய சாற்றைப் பீராக்குவது ஈஸ்ட். எந்த ஈஸ்ட் என்பதில்தான் இருவருக்கும் சண்டை.

ஐயா திரவ ஈஸ்ட் கட்சி. அது பெங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் புதுப்பெண் மாதிரி பொத்திப் பொத்தி வரும். வந்ததும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் கொஞ்சம் சாறு கொடுத்து, ஆட்டி ஆட்டிப் பெருக்க வேண்டும். ஆட்டுவது என் வேலை. அந்தப் பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். சார் உலர் ஈஸ்ட் கட்சி. அது பாக்கெட்டில் ரவை மாதிரி இருக்கும். வேண்டும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் தூவினால் போதும்.

"அது ஒறங்கிக்கிட்டு இருக்கு, தண்ணி காட்டுனா எந்திரிச்சு வேலைக்குப் போயிரும். ஒங்க ஆளு மாதிரி தொட்டில் கட்டி ஆட்ட வேண்டாம்" என்பார் சார்.

"தூங்குமூஞ்சி ஈஸ்டு போட்டா தூங்குமூஞ்சி பீருதான் வரும், வாத்தியாரே. அதுல வாசம் எங்க இருக்கு?"

"வாசம் வேணும்னா ஊதுவத்தி கொளுத்தும்."

தினமும் இப்படித்தான். இருவருக்கும் இதைவிட்டால் வேறு சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு ஈஸ்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டியிருந்தது. குளிர். நம் ஊர் வெக்கையில் வைத்தால் பீர் வார்னிஷ் நெடி அடிக்கும் என்று மாடி அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனால் கவனிக்க ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே காவல் இருக்கச் சொன்னார்கள். என் வீடு உப்பளத்துப் பக்கம். தகரக் கூரை. சித்திரை, வைகாசியில் அங்கே படுத்தால் கருவாடாகத்தான் எழுந்திருக்க வேண்டும். மாடி அறையில் இரண்டு வாளிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்த முதல் மத்தியானம், எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. வாளி மூடியில் செருகிய குழாய் வழியாக ஈஸ்ட் குபுக் குபுக் என்று மூச்சு விடும். நானும் மூச்சு விடுவேன். யாருக்கும் தொந்தரவு இல்லை.

அந்த அறையில்தான் சார் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் அ, ஆ. வெட்கப்படாதே என்று சிலேட்டைப் பாயிலேயே வைத்துவிட்டுப் போவார். சுவரில் அவர் கையால் எழுதி ஒட்டியிருந்த சீட்டைத்தான் நான் முதன்முதலில் யார் துணையுமில்லாமல் எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'ஈஸ்டுக்கு உயிர் உண்டு. கொதிநீர் பட்டால் செத்துவிடும்.' சார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு சார் ஒரு புதுப் பாக்கெட்டோடு வந்தார். நார்வே நாட்டுப் பண்ணைகளில் வளர்ந்த ஈஸ்ட், உலர்த்தியது. எவ்வளவு வெக்கையிலும் வேலை செய்யுமாம், வெக்கையில்தான் நன்றாகவே செய்யுமாம்.

"நம்ம ஊருக்குன்னே பொறந்தது, ஐயா. மொட்டை மாடியில வச்சாப் போதும். இது ஜெயிச்சிட்டா இனி ஏசி எதுக்கு? கழட்டித் தூரப் போடும்."

"ஜெயிக்கட்டும், பாப்போம்" என்றார் ஐயா.

நான் அப்போது குடுவையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டுவதை நிறுத்தவில்லை.

போட்டி இப்படி: ஒரே சாறு, இரண்டு வாளி. நீல மூடி வாளியில் ஐயாவின் திரவ ஈஸ்ட், குளிர் அறையில். சிவப்பு மூடி வாளியில் சாரின் நார்வே ஈஸ்ட், மொட்டை மாடிப் பந்தலுக்குக் கீழே. ஈஸ்டுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக்கித் தரும் வேலை என்னுடையது. நான் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கொதித்து அடங்கியதைக் கொடுத்தேன். சார் அன்று கண்ணாடி கொண்டுவரவில்லை, ஆவியைக் கவனிக்காமல் தூவிவிட்டார். அதற்கு உயிர் உண்டு என்று அவரே சொல்லித் தந்திராவிட்டால் அதைக் கொல்ல எனக்கு வழி தெரிந்திருக்காது.

வாளி மூச்சு விடவில்லை. சார் அதன் பக்கத்தில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். துக்க வீட்டில் உட்காருவதுபோலத்தான் நானும் உட்கார்ந்தேன்.

"நாந்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன், மந்திரம்" என்றார்.

"இருக்கும் சார்" என்றேன்.

அன்றும் பாடம் நடந்தது. ஒற்றெழுத்து.

சார் விடுகிற ஆள் இல்லை. இன்னொரு பாக்கெட் வரவழைத்தார். இந்த முறை தண்ணீரை அவரே தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு வாளி கழுவும் வேலை மட்டும் மிஞ்சியது. நான் உடன்குடிப் பக்கத்துக்காரன், அப்பா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அது தானாகப் புளித்துக் கள். சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் ஈஸ்ட் தலையெடுக்காது. எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. வெற்றிலைக் கடையில் வாங்கி, சிவப்பு மூடி வாளிக்குள் நன்றாகத் தடவிக் காயவைத்தேன். வெள்ளை வாளியில் வெள்ளைச் சுண்ணாம்பு. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

சாறு ஊற்றுகிற நேரத்தில் சாருக்கு ஒரு யோசனை.

"போன தடவை வாளியிலதான் ஏதோ கோளாறுன்னு தோணுது. சீட்டுப் போட்டு வாளியைப் பிரிப்போம். ஆண்டவர் காட்டட்டும்."

திருவுளச்சீட்டு என்றால் உங்கள் கத்தோலிக்கச் சபைக்கும் சாரின் சி.எஸ்.ஐ. சபைக்கும் மறுபேச்சு இல்லை. நீங்கள் ஜெபம் பண்ணிச் சீட்டு எடுத்தீர்கள், அம்மா. ஐயாவுக்குச் சிவப்பு. அதை உங்கள் குற்றமாக நான் சொல்லவில்லை.

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் ஆண்டவர் காட்டிய பிறகு நடுவில் பேச நான் யார்? மிச்சச் சுண்ணாம்பை மடியில் கட்டிக்கொண்டு, சாரின் வாளியையாவது சமப்படுத்திவிடலாம் என்று மொட்டை மாடிக்கு இரண்டு மூன்று தடவை போனேன். நியாயமாக இருக்க வேண்டும் என்றுதான். சார் வாளிப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "வா மந்திரம், இந்தத் தலைப்பை வாசி பாப்போம்" என்றார். வாசித்துவிட்டு இறங்கினேன்.

குளிர் அறையில் சிவப்பு மூடி வாளி மூச்சுவிடவில்லை. மொட்டை மாடியில் நார்வே ஈஸ்ட் வெயிலில் குதித்தது.

பீரைத் திறந்த அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐயா தன்னுடையதை ஒரு வாய் குடித்தார்.

"என்னவே இது, பதநீர்லா இருக்கு?"

"ஒம்ம புதுப்பொண்ணு முழிக்கவே இல்ல போல" என்று சார் சிரித்தார்.

"பாடம் சொல்லுதேன்னு குளிர் ரூமுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்தீரே, என்னத்தவே போட்டீரு?"

"நான் வாத்தியாரு. எனக்குக் கள்ளத்தனம் தெரியாது."

"வாத்தியாருக்குத் தெரியாத கள்ளத்தனமாக்கும். ஜெயிக்கணும்னு நாசரேத்து மூளையக் காட்டிட்டீரு."

சார் டம்ளரை வைத்தார். ருசி பார்த்து முடிக்காமல் அவர் டம்ளரை வைத்து நான் பார்த்ததில்லை. செருப்பைக்கூட மறந்து வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தார். அதன் பிறகு வரவில்லை. ஐயா ஏசியை அணைத்து அறையைப் பூட்டினார். பேச ஆளில்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மீன் வைத்தாலும் சாப்பிடுவதில்லை என்று நீங்கள் என்னிடமே அழுதீர்கள். ஆறுதல் சொன்னேன்.

பிறகு அறையைக் கூட்டத் திறந்தபோது, ஐயா மிச்சம் வைத்த டம்ளரை நீங்கள் ஏன் வாயில் வைத்தீர்கள் என்று தெரியவில்லை.

"சுண்ணாம்புல்லா கடிக்கு. ஏலே மந்திரம், கையக் காட்டு."

விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. காட்டினேன்.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன். முதல் ஈஸ்டை வெந்நீரில் கொன்றது நான். இரண்டாவதைச் சுண்ணாம்பில் கொன்றதும் நான், அது வேறு ஈஸ்டாகப் போனது திருவுளம். சார் ஒரு பாவமும் அறியாதவர். எனக்கு எழுத்துத் தந்தவர் வெறுங்காலோடு போனதை நினைத்தால் மனசாட்சி உறங்கவிடவில்லை. தகரக் கூரையும்தான்.

என் மனசாட்சி சொல்வது இதுதான். சுண்ணாம்பு பட்ட போட்டி செல்லாது. சார் ஜெயித்ததாக எடுத்துக்கொள்வது ஐயாவுக்குச் செய்கிற அநியாயம். செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சாரை அழைத்துவர வேண்டும். மறுபடி காய்ச்ச வேண்டும். இந்தத் தடவை இரண்டு வாளியும் ஒரே அறையில் இருந்தால்தான் நியாயம். நார்வேக்காரனுக்கு மட்டும் வெயில் என்பது பாவம், அதற்கும் உயிர் உண்டு. அவசரமாக முடிவு பண்ணாமல் மழை விழுகிறவரை திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பார்த்தால் நல்லது. இதில் எனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

பாயை உதறி வைத்திருக்கிறேன். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.