தானா முளைச்ச செடி

— ஆந்தையையும் எழுதிக்கோங்க செடிக்காரம்மா. நேத்துகூட அலறுச்சு.

— கேட்டது நீங்க அக்கா, நான் இல்ல. என் கண்ணால பாத்ததைத்தான் நான் எழுத முடியும்.

— இந்த மதிலுக்கு இந்தப் பக்கமே பொறந்து வளந்தவ நான். என் காது மேல நம்பிக்கை இல்லையா?

— காது மேல இருக்கு. ஆனா எச்சம், இறகு, பொந்து, ஏதாவது ஒண்ணு வேணும். கட்டட அனுமதிக்காக மூணு வாரமா இந்த நிலத்துல கயிறு கட்டி, கட்டம் கட்டமா எண்ணிட்டேன். கிடைச்சது காக்கா, ஓணான், ஒரு கீரிக் குடும்பம். மத்ததெல்லாம் முள்ளுப் புதர்.

— முள்ளம்பன்றி முள்ளை விட்டுட்டீங்களே. நான்தானே கண்டெடுத்துக் குடுத்தேன்.

— அதுக்கு வார்னிஷ் அடிச்சிருந்தது. அடியில ஒரு முத்து வேற. கொண்டையில குத்துற ஊசி அக்கா அது.

— நான் என்னத்தைக் கண்டேன். கிடந்துச்சு, குடுத்தேன். சரி, நான் ஒண்ணும் சொல்லல. யாரோ விக்கிறாங்க, யாரோ அஞ்சு மாடி கட்டுறாங்க, நமக்கெதுக்கு வம்பு.

— யாரோவா? உங்க கூடப் பொறந்த தங்கச்சி நிலம்தானே?

— நான் இல்லேங்கல. அப்பா பாகம் பிரிக்கும்போது, பெரியவளே, நீ முதல்ல எடுத்துக்கோன்னாரு. நான் வீட்டை எடுத்துக்கிட்டேன். சின்னவளுக்கு இந்த முள்ளுக்காடு. அவ மூஞ்சி போன போக்கைப் பாத்து எனக்கே பாவமா இருந்துச்சு. உள்ளுக்குள்ள கொஞ்சம் சிரிச்சேன், அதையும் மறைக்கல. இப்ப பாருங்க, முள்ளுக்காட்டைத் தேடி ஆள் வருது. என் வீட்டைப் பாத்து ஒருத்தன், என்ன விலைன்னு கேட்டிருப்பானா?

— கேட்டா குடுத்துடுவீங்களா?

— குடுக்க மாட்டேன். ஆனா கேக்கணுமில்ல?

— அது சரி.

— அஞ்சாவது மாடியில அவளுக்கு ஒரு ஃப்ளாட் வேற குடுக்குறானாம். போன வாரம் இதே மதிலோரம் நின்னுக்கிட்டு, “அக்கா, மேலேருந்து பாத்தா உன் கொல்லை முழுக்கத் தெரியும். மழை வந்தா குரல் குடுக்குறேன், துணியை எடுத்துக்கோ”ங்கிறா. என் துணிக்கு அவ காவலாம்.

— பாசமாத்தான் சொல்லியிருப்பாங்க.

— பாசமா? போன குளிருக்கு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தேன். நல்ல மஞ்சள். கடைசியில நூல் தீந்து போய், ஒரு பை மட்டும் பழுப்புல போட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவ அதைப் போட்டு நான் பாத்ததில்ல. அக்கா கை பட்டது அவ உடம்புக்கு அரிக்கும் போல.

— அதிருக்கட்டும். அடுத்த வாரம் உங்க கொல்லையையும் நான் பாக்கணும். புதுசா ரெண்டு ரூம் கட்ட மனு போட்டிருக்கீங்களே.

— அங்க என்ன இருக்கு பாக்க? தண்ணித் தொட்டி, துவைக்கிற கல்லு. அரை மணி வேலை. சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுங்கம்மா. மகன் குடும்பத்தோட வந்துடுறேங்கிறான், பேரப் பிள்ளையைத் தூக்க எனக்கும் கை துடிக்குது. மனு போட்ட அன்னிக்கே சின்னவ வந்து, தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவுல காலடி வச்சு அளந்து பாத்துட்டு, “அரண்மனை கட்டுற போல”ன்னுட்டுப் போனா. அவ பிள்ளை எட்டிக்கூடப் பாக்கறதில்ல, அந்த எரிச்சல். அது கிடக்கட்டும். வடக்கு மூலையில, பெரிய கல்லுக்குப் பக்கத்துல பாத்தீங்களா?

— பாத்தேன். இலை பூரா செவப்பு முடி, நுனிக்கு நுனி பசைத் துளி. பூச்சி பிடிக்கிற செடி.

— அடேயப்பா. உங்க படம் போட்ட அட்டையில மூணாவது வரிசையில இருக்கே, அதுவா?

— அட்டையை நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க.

— முதல் நாள் நீங்கதானே எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் காட்டினீங்க? இதுல இருக்கிற அபூர்வச் செடி ஒண்ணு இருந்தாலும் அந்த இடத்துல ஒரு செங்கல் வைக்க விட மாட்டாங்கன்னு சொன்னீங்க. அப்ப, கட்டட வேலை நின்னுடும்தானே?

— நிக்காது அக்கா. அந்தச் செடிக்கு வேர் எப்பவும் ஈரத்துல இருக்கணும். இது சரளைக் காடு. தோண்டிப் பாத்தேன். வேர் பரவவே இல்ல, பூந்தொட்டியில இருந்த மாதிரியே உருண்டையா இருக்கு, சுத்தி தேங்காய் நார்த் தூள். செடிக் கடையில வாங்கினது. யாரோ கொண்டு வந்து நட்டிருக்காங்க.

— யாரோவா? காலம் கெட்டுக் கிடக்கும்மா.

— அந்தக் கல்லுக்கு எதிர்ப் புதர்ல ஒரு கேமரா கட்டியிருக்கேன். மதில் வரைக்கும் தெரியும். சூடான உடம்பு எது குறுக்க போனாலும் தானா படம் எடுக்கும்.

— அது கீரிக்குத்தானே?

— கீரியும் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில ஆறே காலுக்கு ஒரு அம்மாவும் வந்தாங்க.

— நானா இருக்காது. நான் இவ்வளவு குண்டு இல்ல.

— நான் இன்னும் படத்தையே காட்டல அக்கா.

— அடுப்புல குழம்பு கிடக்கு, நான் வரேன்.

— உக்காருங்க. கல்லு மேலேருந்து அவசரமா இறங்காதீங்க.

— நான் கடையில வாங்கல, பேரன் மேல சத்தியம். எங்க தண்ணித் தொட்டியோரம் தானா முளைச்சு நின்னுச்சு. பாத்ததும் அட்டை ஞாபகம் வந்துச்சு. கடவுளாப் பாத்து நம்ம கையில குடுத்திருக்காருன்னு, குழம்புக் கரண்டியால நோகாம எடுத்துட்டு வந்து வச்சேன். சின்னவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அக்காவுக்குப் பொறாமைன்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா.

— பொறாமை இல்லையா?

— இருக்கு. அதுக்காக அவ சொல்லலாமா?

— நான் சொல்லல. ஆனா ஒரு விஷயம், கடைச் செடி தானா முளைக்காது. உங்க தண்ணித் தொட்டியோரமும் யாரோ கொண்டு வந்துதான் வச்சிருக்கணும்.

— என் கொல்லையில வந்து எவ வைப்பா? அதுவும் ரூம் கட்டப் போற இடத்துல?

— இன்னொரு படம் இருக்கு. நான் அட்டை காட்டின நாலாம் நாள், நல்லா விடிஞ்சப்புறம். ஒரு அம்மா நான் நிக்கிற பக்கத்துலேருந்து உங்க பக்கம் மதில் ஏறுறாங்க. கையில இதே செடி, பூந்தொட்டியோட. மூஞ்சியைத் தொட்டி மறைக்குது. பாருங்க, யாருன்னு தெரியுதா?

— தெரியாம என்ன? அந்தப் பழுப்புப் பையை நான்தானே பின்னினேன்.